அத்தான் துடைத்துக் கொடுத்த லேப்டாப்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் மஞ்சத்துணி என்று பெயர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணி ஒன்று எந்நேரமும் கையில் இருக்கும். அதனால் வந்த பெயர். அவருக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் கிடையாது. யாராவது வந்து, "மஞ்சத்துணி இருக்காரா?" என்று கேட்டால், "நான்தான், உட்காருங்க" என்பார். உட்கார்ந்தவர் வந்த விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்திலிருந்த கண்ணாடி அத்தான் கைக்குப் போயிருக்கும்.

எதையும் துடைக்காமல் அடுத்தவரிடம் கொடுக்க அவரால் ஆகாது. சாவி கேட்டால் துடைத்துத் தருவார். பேனா கேட்டால் துடைத்துத் தருவார். ஒருமுறை கொட்டுகிற மழையில் கடைக்குள் ஒதுங்கினேன். என் குடையை வாங்கி ஈரம் போகத் துடைத்து, மடிப்பு மடிப்பாக நீவி, அதே மழைக்குள் என்னை அனுப்பி வைத்தார். "குடை நனையத்தானே அத்தான் இருக்கு?" என்றேன். "நனையட்டும், அது மழையோட வேலை. நான் அழுக்கா குடுத்தேன்னு இருக்கக் கூடாது" என்றார். இந்த மனிதரோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாய் என்று அக்காவைக் கேட்டால், "பழகிடுச்சுடி" என்பாள்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஒரு சலவைக் கடை. இஸ்திரி போட ஆரம்பித்தால் கடை முழுக்க ஆவி. என் கண்ணாடி நிமிஷத்துக்கு நிமிஷம் வெள்ளையாகிப் போகும். எதிரில் நிற்பவர் சட்டை வாங்க வந்தாரா சண்டைக்கு வந்தாரா என்று தெரியாது. அதற்காக அத்தான் ஒரு திரவம் கலந்து கொடுத்தார். மருந்து என்றுதான் அதைச் சொல்வார். தண்ணீர் போலத்தான் இருக்கும், ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கும். ஒரு சொட்டு விட்டுத் துடைத்தால் நாள் பூராவும் கண்ணாடியில் ஆவி ஒட்டாது. அந்த நாளில்தான் எனக்கு நீராவி என்று பெயரும் வைத்தார். கடையில் கிளம்பும் ஆவிக்காக வைத்தாரா, என் வாய்க்காக வைத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை.

மாலை வெயில் தெருவின் கோடியிலிருந்து சாய்வாக வரும்போது அத்தான் கடையைப் பார்க்க வேண்டும். அலமாரியில் வரிசையாக இருக்கும் கண்ணாடிகள் எல்லாம் வெயிலை வாங்கி எதிர்ச்சுவரில் வட்ட வட்டமாக விடும். தெருவில் ஒரு வண்டி போனால் வட்டங்கள் எல்லாம் அணைந்து, வண்டி போனதும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வரும். அந்த வட்டங்களுக்குக் கீழே முன்மேஜையில் அக்கா உட்கார்ந்து பில் போடுவாள். அந்த நேரத்தில் அத்தான் தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு முழத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் கரைந்துதான் தெரியும். என்னதான் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன். "இன்னைக்கு உங்க அக்கா பச்சையா இருக்கா" என்றார். அதைச் சொன்ன விதத்தில் எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் துணிகளுக்கு டிசைன் வரைந்துகொண்டிருந்தவள். படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, மேஜை விரிப்பு. கடை திறந்த புதிதில் பில் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளைக்கு என்று உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் என்பது எப்படி நீளும் என்று எல்லோருக்கும் தெரியும். அவளை யாரும் தடுக்கவில்லை. அத்தான் அவளை அப்படித் தாங்கினார். தாங்குகிற கையிலிருந்து இறங்கிப் போகத் தோன்றாதே.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திரைத்துணிக் கம்பெனி, எங்கேயோ அவளுடைய பழைய டிசைன் ஒன்றைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒரு தொகுப்பு வரைந்து அனுப்பச் சொன்னது. பிடித்திருந்தால் வேலை. அவர்கள் டிசைன் அறையில் தினமும் போய் உட்கார்ந்து செய்கிற வேலை. அக்கா எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. என் கடைக்கு வந்து, நான் மடித்துக்கொண்டிருந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "தூக்கத்துல கூட இலை வருதுடி" என்றாள். அந்த முகத்தை நான் பல வருஷமாகப் பார்க்கவில்லை.

இலைகள்தான் வரைந்தாள். ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, பின்னாலிருக்கும் இலை முன்னாலிருப்பதன் வழியாக லேசாகத் தெரிகிற மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ணீருக்கு அடியில் படுத்து மரத்தைப் பார்ப்பது போலிருக்கும். ஆனால் அவளுடைய லேப்டாப்புக்கு அவ்வளவு இலையைச் சுமக்கத் தெம்பு இல்லை. ஓர் இலையை நகர்த்தினால் அது போய்ச் சேருவதற்குள் டீ ஆறிவிடும். ரேம் அதிகம் போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அத்தான் கேட்டு விசாரித்து ஒன்றை வாங்கி வந்தார். அவரே மாட்டினார். மூக்குக் கண்ணாடிக் காதைக் கழற்றுகிற அவருடைய பொடி ஸ்க்ரூ டிரைவர் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்க்ரூவுக்கு அப்படியே பொருந்திவிட்டது. அந்த ஒரு பொருத்தத்தை வைத்தே தனக்கு லேப்டாப் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். ரேமைத் துடைத்துத்தான் மாட்டினார். அதைச் சொல்லவும் வேண்டுமா?

முதல் நாள் காலை பறந்தது. அக்கா இலைகளை விசிறிபோல் விரித்து விரித்துக் காட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இலை பாதி வழியில் நின்றது. திரை முழுக்க நீலமாகி, புரியாத எழுத்துகள் நாலு வரி வந்து, அணைந்து, தானாகவே முதலிலிருந்து கிளம்பியது. மறுபடி வரைந்தாள். மறுபடி நீலம்.

அதன்பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். சூடாகிறது என்று அடியில் புத்தகம் கொடுத்துத் தூக்கி வைத்தோம். டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பினோம். இலைகளை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டோம். கஸ்டமர் கேரில் பேசிய பெண், புது ரேமைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்றாள். கழற்றினால் நிற்கவில்லை, ஆனால் பழையபடி ஆமை. வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள் என்றாள். மாட்டினால் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு நீலம். இப்படி அத்தான் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கடையில் கண்ணாடி வாங்க வந்தவர்கள் எல்லாம் லேப்டாப்பின் வயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இதில் ஒரு விபரீதம் நடந்தது. அத்தான் கடைக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் லேப்டாப் நிற்காது. நான் உட்கார்ந்து படம் பார்த்தால் நிற்காது. அக்கா உட்கார்ந்து இலையைத் தொட்டால்தான் நிற்கும். பெரிய வேலை கொடுத்தால்தான் புது ரேமின் பக்கம் அது போகிறது, சூடும் ஆகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது யாருக்குத் தெரிந்தது? நீலம் வரும்போதெல்லாம் அக்கா கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அது திரும்பக் கிளம்பும்வரை எதிர்ச்சுவரின் வெளிச்ச வட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில், கிளம்பிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கைக்குத்தாங்க அது இப்படிப் பண்ணுது" என்றாள் ஒரு நாள்.

"கைக்கு என்ன? ரேம்லதான் கோளாறு. வாரண்டி இருக்கு, மாத்திக்கலாம்" என்றார் அத்தான்.

"எத்தனை வருஷமாச்சு நான் வரைஞ்சு. விட்டுப் போனது விட்டுப் போனதுதான் போல."

அத்தான் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

சர்வீஸ் சென்டர் ஊரின் மறுகோடியில் இருந்தது. அத்தானை மட்டும் அனுப்பினால் அங்கே இருப்பவர்களின் மேஜையைத் துடைத்துவிட்டு வந்துவிடுவார் என்று நானும் கூடப் போனேன். நீளமான கூடம். சுவரோரம் வரிசையாக நாற்காலி. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு லேப்டாப், காய்ச்சல்காரக் குழந்தையை வைத்திருப்பதுபோல் அணைத்துப் பிடித்திருந்தார்கள். உள்ளே எங்கேயோ சின்னச் சின்ன விசிறிகள் சுழலும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். கூடத்தின் விளக்குகள், நாற்காலிகள், மனிதர்கள் எல்லாம் அவருக்குக் கரைந்திருக்க வேண்டும். "ஆத்தங்கரை மாதிரி இருக்கு நீராவி" என்றார். அப்படியே தூங்கிப்போனார். அவருடைய நெற்றியில் கவலை இல்லாமல் நான் பார்த்து நாளாயிற்று என்பதால், எங்கள் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் ஒரு நிமிஷம் தாமதித்துத்தான் எழுப்பினேன்.

கவுண்டரில் இருந்த மெக்கானிக் ஒரு பெண். லேப்டாப்பைக் கவிழ்த்து மூடியைத் திறந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இத யாராவது தொறந்தீங்களா?"

"நான்தான் தொறந்தேன், ரேம் போட" என்றார் அத்தான்.

"உள்ள ஒரு தூசி இல்லையே. புதுசு கூட இவ்வளவு சுத்தமா வராது."

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவர் காலை மிதித்தேன்.

அந்தப் பெண் ரேமை உருவினாள். மேஜைமேல் கிடந்த சாதாரணப் பென்சில் ரப்பரை எடுத்து, ரேமின் ஓரத்தில் தங்க நிறத்தில் இருக்கும் பல்வரிசையைப் பரபரவென்று தேய்த்தாள். அவளுக்கு அது கைப்பழக்கம்; பக்கத்து மேஜைக்காரரோடு பேசிக்கொண்டேதான் செய்தாள். ஊதிவிட்டு மாட்டினாள். ஏதோ சோதனையை ஓடவிட்டாள். அக்காவின் இலை ஃபைலையும் திறக்கச் சொன்னேன், திறந்தாள். இலைகள் விரிந்தன. நகர்ந்தன. நாங்கள் நீலத்துக்காகக் காத்திருந்தோம். கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. நீலம் வரவே இல்லை.

"இதுல எந்தக் குறையும் இல்லீங்க" என்றாள் அந்தப் பெண். "பழுதுன்னு தெரிஞ்சாத்தான் வாரண்டில மாத்த முடியும். நல்லா இருக்கறத எப்படி மாத்தித் தர்றது?"

"அப்ப வீட்ல நிக்குதே, அது என்ன, எங்க கண்ணுக்கு மட்டும் நிக்குதா?" என்றேன்.

"எங்க டெஸ்ட்ல நிக்கலையே மேடம். யூஸ் பண்றவங்க எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பில்லைக் காட்டினேன், கஸ்டமர் கேரில் பேசியதைச் சொன்னேன், மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். எனக்குத் துணையாக ஒரு வார்த்தை பேசுவார் என்று அத்தானைத் திரும்பிப் பார்த்தால், மனிதர் அந்த ரப்பரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். வைத்துவிட்டு, மறுபடி எடுத்து மோந்தார்.

"போலாம் நீராவி" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. "ரப்பர்ல ஆரஞ்சு வாசனை" என்றார். எனக்குப் புரியவில்லை. "நம்ம மருந்து. அதப் போட்டுத்தான் துடைச்சேன், அந்தப் பல்லு வரிசைய. பளபளன்னு இருக்கட்டுமேன்னு. காஞ்சதும் ஒரு படலம் நிக்கும். கண்ணாடில நின்னா ஆவி ஒட்டாது. இதுல நின்னா…"

"கரண்ட் ஒட்டாது" என்றேன்.

"கொஞ்ச நேரம் ஓடும். சூடானா விட்டு விட்டுப் போகும் போல. ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் திரும்பத் திரும்பத் துடைச்சிருக்கேன். அந்தப் பொண்ணு ரப்பரால தேச்சதுல அது போயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நோயும் நாமே, வைத்தியமும் நாமே. அத்தான் சிரிக்கவில்லை. "நீ சொல்லாத. நானே அவகிட்ட சொல்லிக்கறேன்" என்றார். சரி என்றேன்.

கடைக்குள் நுழைந்ததும் அக்கா எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"ஒரு குறையும் இல்லன்னுட்டாங்க" என்றார் அத்தான்.

அடுத்த வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் அலமாரியைப் பூட்டப் போய்விட்டார். அக்கா லேப்டாப்பை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப நான்தான்" என்றாள். பில் புத்தகத்தை மூடிவிட்டு, "நாளைக்குக் கம்பெனிக்கு எழுதிடறேன், என்னால ஆகாதுன்னு" என்றாள்.

அத்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு சட்டைக் காலரைக் கருக்கினேன். என் தொழிலில் அது நடக்கவே கூடாது. இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே நின்றால் வேறென்ன நடக்கும்? இதோ சொல்வார், சாப்பிட்டதும் சொல்வார், கடையில் ஆள் போனதும் சொல்வார் என்று நானே அவருக்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். மாலை வெயில் வந்து சுவரில் வட்டங்கள் விழுந்தன. அக்கா லேப்டாப்பைத் திறந்து எதையோ எழுதத் தொடங்கினாள். எதை எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். கடையைச் சாத்தாமலே தெருவைக் கடந்தேன்.

அத்தான் அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில், வெயிலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மடியில் இருந்தது.

"அத்தான், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றேன்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் சொன்னார். மருந்தைச் சொன்னார், படலத்தைச் சொன்னார், ரப்பரைச் சொன்னார். எதையும் குறைக்காமல்தான் சொன்னார். கரைந்து தெரிகிற முகத்தைப் பார்த்துச் சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒவ்வொரு தடவையுமா துடைச்சீங்க?" என்றாள் அக்கா.

"ஒவ்வொரு தடவையும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது பாதியில் நின்றுவிட்டது.

"நேத்தே தெரியுமா உங்களுக்கு?"

"ரப்பர மோந்ததுமே தெரியும்."

"ராத்திரி பூரா நான் தூங்கல. பக்கத்துலதானே படுத்திருந்தீங்க."

வெளியே ஒரு லாரி போயிற்று. சுவரில் இருந்த வட்டங்கள் எல்லாம் அணைந்து, திரும்ப வந்தன. அக்கா அவர் மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். துடைக்கவில்லை, அப்படியே மாட்டினாள்.

"என்னப் பாத்துச் சொல்லுங்க. நான் வேணாம்னு எழுதியிருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்குமா?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள் என்று எனக்குப் பட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் அவரிடம் கெஞ்சினேன். அவர் கை துணியைத் தேடியது. துணி மேஜையின் மறுபக்கம் இருந்தது, எட்டவில்லை.

"ஆமா" என்றார். "கொஞ்சம்."

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ போயிட்டா இந்த நாற்காலி காலியா இருக்குமேன்னு. வேணும்னு துடைக்கல, சத்தியமா. ஆனா நேத்து வாயத் தொறக்க முடியல."

எனக்கு அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அக்காவுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அழவில்லை. திட்டவில்லை. லேப்டாப் பக்கம் திரும்பி, எழுதியிருந்த வரிகளை ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டே போனாள். எழுத்தெல்லாம் போன பிறகு இலை ஃபைலைத் திறந்தாள். அது ஒரே மூச்சில் திறந்து திரை முழுவதும் விரிந்தது.

"சரி" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

அத்தான் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார்.